முதல் அட்டவணையில் எங்கள் ஆமை

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதும் நான்தான். வீட்டில் இன்றுவரை யாரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு பகுதிகள். முன்கட்டில் நானும் என் கணவரும். பின்கட்டில் என் கணவரின் அக்காவும் அவருடைய வீட்டுக்காரரும். அக்காவை நான் மதினி என்பேன். அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்பேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் ஒரு தோல் மண்டிக்காக ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி வருகிறவர். கல்யாணமான புதிதில், வேடசந்தூர் பக்கம் தார்ச்சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு ஆமைக்குட்டியை, லாரியில் அரைபட்டுவிடுமே என்று எடுத்துத் தோல் சாக்கின் மேல் வைத்துக் கொண்டுவந்தாராம். அப்போது அது உள்ளங்கைக்குள் அடங்கும். கறுப்பு ஓடு, அதில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கும்.

நான் வாக்கப்பட்டு வந்தபோது அது பின்கட்டு முற்றத்தில் துவைக்கிற கல்லுக்கு அடியில் குடியிருந்தது. முட்டைக்கோஸ் இலை, முருங்கைக் கீரை, செம்பருத்திப் பூ எல்லாம் தின்னும். மதினி அதற்குப் பேரொன்றும் வைக்கவில்லை. "ஏலே" என்று கூப்பிடுவார். "ஏலே, வெயிலு வந்துருச்சு, வெளிய வாலே." அது வரும். கூப்பிட்டதற்காக வந்ததா, வெயிலுக்காக வந்ததா என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் போன வருடம் மௌத்தானார். மாரடைப்பு. காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மதினி இத்தாவில் உட்கார்ந்தார். கணவன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. பின்கட்டு ஜன்னல்களுக்குத் திரை போட்டோம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட வாசலோடு இறக்கிவிட்டுப் போனார். அந்த நாட்களில் மதினிக்கு முற்றம்தான் உலகம். சாப்பிடு என்றால் சாப்பிடுவார். பேசு என்றால் பேசமாட்டார்.

இரண்டு மாதம் ஆகும் சமயத்தில் ஒருநாள் ஆயக்குடிக் கொய்யா வாங்கி வந்திருந்தேன். மதினி ஒரு துண்டை நறுக்கி ஆமைக்கு நீட்டினார். அது எட்டிக் கடித்ததில் சதையெல்லாம் மூக்கில் ஒட்டிக்கொண்டு, வெள்ளை மீசை வைத்த மாதிரி ஆகிவிட்டது. மதினி சிரித்தார். அண்ணன் போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவர் முகத்தைப் படம் எடுக்க முடியாது. அதனால் ஆமையையும் அவர் விரல்களையும் எடுத்தேன். 'எங்க வீட்டு விருந்தாளி' என்று எழுதிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

உலை கொதிப்பதற்குள் போன் அடித்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள்.

"ஏய், அந்தப் படத்த முதல்ல எடு. அப்புறம் பேசு."

"ஏன்டி?"

"எடுத்துட்டியா?"

எடுத்தேன். அதற்குள் நாற்பத்தேழு பேர் பார்த்திருந்தார்கள்.

"அது நட்சத்திர ஆமைடி. வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. புலிக்கு என்ன சட்டமோ, அதுதான் இதுக்கும்."

நான் சிரித்துவிட்டேன். துவைக்கிற கல்லுக்கு அடியில் புலி என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"முன்னாடி நாலாவது அட்டவணைல கெடந்துச்சு. சட்டத்தத் திருத்துனப்ப மேல ஏத்திட்டாங்க. நாலாவதுல இருந்தப்பவும் வீட்ல வெச்சிருக்கக் கூடாதுதான். ஆனா இப்ப தண்டன பெருசு. மூணு வருசத்துக்குக் கொறையாம, ஏழு வரைக்கும்."

"எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுட்டா?"

"தூக்கிட்டுப் போறதே தப்பு. நம்மளா விடவும் கூடாது. கைக்குக் கெடச்சா ரெண்டு நாளுக்குள்ள ஃபாரஸ்ட்லயோ போலீஸ்லயோ சொல்லணும்."

"இருபத்தி ரெண்டு வருசம் ஆச்சேடி."

அவளுக்குப் பின்னால் வகுப்புப் பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

நாங்கள் சோறு பொங்கிக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்த காலத்தில், எங்கோ ஒரு காகிதத்தில் அந்த ஆமை நான்காம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்குப் போயிருக்கிறது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை. முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆமை மூக்கைத் தரையில் தேய்த்துக் கொய்யாவைத் துடைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எதையும் ஒரு நொடியில் முடிவுசெய்வார். அன்று அவரால் முடியவில்லை. "வீடு எம் பேருல இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

"ஃபாரஸ்ட் ஆபீஸ்ல போய்ச் சொல்லிருவோமே" என்றேன்.

"சொன்னா வீட்டுக்கு வருவாங்க. காக்கிச் சட்ட போட்ட நாலு பேரு பின்கட்டுக்குள்ள வந்து நிப்பாங்க. அக்கா இத்தால இருக்கு. என்ன பேசற?"

அவர் சொன்னது சரிதான். சொல்லவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. இத்தா முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. மதினியிடம் எதையும் சொல்லக்கூடாது என்று பேசிவைத்துக்கொண்டோம்.

மறுநாள் மத்தியானம், மதினி அசந்து தூங்கும் நேரம் பார்த்து, கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் ஆமையை வைத்து, பெட்டியைத் துணிப்பையில் போட்டு, மடியில் வைத்து, மேலே என் புர்காவை இழுத்துவிட்டுக்கொண்டேன். வேடசந்தூர் சாலையில் ஸ்கூட்டரில் போனோம். அண்ணன் எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே விட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று கணவருக்கு நினைப்பு.

வழியில் போலீஸ் கைகாட்டி நிறுத்தியது. ஹெல்மெட் சோதனை. கணவர் லைசென்ஸ் எடுத்துக்கொடுத்தார். பெட்டிக்குள் ஆமை நகத்தால் அட்டையைப் பிராண்டியது. சர்க், சர்க் என்று எனக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி இருந்தது. நான் இரும ஆரம்பித்தேன். இருமிக்கொண்டே இருந்தேன்.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்றார் போலீஸ்காரர்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம் சார்" என்றார் கணவர்.

விட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் எதையும் ஒளித்து எடுத்துக்கொண்டு போனதில்லை.

அண்ணன் சொல்லியிருந்ததை வைத்து எங்களுக்குத் தெரிந்த அடையாளம் ஒரு பாலமும் அதையொட்டிய புதர்க்காடும். பாலம் இருந்தது. புதர் இல்லை. கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, மனை போட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி உடைமரங்கள் நின்ற இடத்துக்குப் போனோம். நான் பெட்டியைத் திறந்து ஆமையைத் தரையில் வைத்தேன். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கல் மாதிரிக் கிடந்தது. எங்கிருந்தோ நான்கு நாய்கள் வந்து, கொஞ்ச தூரத்தில் நின்று எங்களையும் அதையும் பார்த்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் கம்பை ஊன்றி நின்று, "என்னங்க, என்னத்த வெக்கிறீக?" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்று கணவர் கத்தினார். நான் ஆமையைத் திரும்பப் பெட்டிக்குள் எடுத்துவைத்துவிட்டேன்.

"வெச்சுட்டு வா" என்றார் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாயிருக்கு."

"வெச்சுட்டு வான்னா."

வைக்கவில்லை. அதே பெட்டியோடு, அதே போலீஸ் நின்ற வழியாக இல்லாமல் சுற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்தோம். மதினி எழுந்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏலேயக் காணமே, பாத்தியா?" என்று கேட்டார். பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஆமையை வாங்கித் தண்ணீர்த் தட்டில் விட்டார்.

இரண்டு நாள் கழித்து, என் கணவரின் கடைக்கு அருகே மீனும் புறாவும் விற்கிற ஒருவர் வாசலுக்கு வந்தார். இத்தா வீடு என்பதால் உள்ளே வராமல் படியோடு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"அண்ணே, ஆம வெச்சிருக்கீங்களாம்ல? படம் பாத்தேன். எனக்கு ஒருத்தர் அனுப்புனாரு."

கணவர் தெருவை எட்டிப் பார்த்தார்.

"அது கேஸாயிரும்ணே. நான் எடுத்துக்கிறேன். உங்களுக்குத் தொல்ல விட்டுச்சு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா பாத்தவங்க நெறையப் பேரு, அம்புட்டுப் பேரும் வாய மூடிட்டு இருப்பாங்கன்னு சொல்ல முடியாது பாருங்க."

அவர் மிரட்டுகிற மாதிரிப் பேசவில்லை. அக்கறையாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டுக் கணவர் உள்ளே வந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. கொடுத்துவிடலாம் என்கிற தெளிவு.

என் தோழியைக் கூப்பிட்டேன். "கால டேப்பு போட்டு ஒட்டி, சாக்ஸுக்குள்ள திணிச்சு, பெட்டில அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவாங்கடி" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மதினி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தாளுக்குக் குடுக்காத தம்பி" என்றார் என் கணவரிடம். "ஆபீஸ்லயே குடுத்துருவோம்."

"அக்கா, ஜெயிலுன்றாங்க."

"நான் இப்ப எங்க இருக்கேன்?" என்றார் மதினி. கோபமாக அல்ல. மணி என்ன என்று கேட்கிற குரலில்.

நான் மட்டும் தனியாக, ஆமையில்லாமல், வன அலுவலகத்துக்குப் போனேன். ரேஞ்சர் வருகிறவரை காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பலகை. முதல் அட்டவணை: புலி, யானை, காட்டுமாடு, மயில், தேவாங்கு, எறும்புத்தின்னி. அந்த வரிசையில் கடைசிக்கு முன்னால் நட்சத்திர ஆமை. பக்கத்தில் சின்னப் படம். இரண்டாம் அட்டவணையில் பச்சைக்கிளி இருந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் கூண்டில் கிளி உண்டு. மூன்றாவது முழுக்கச் செடிகள். எனக்குத் தெரிந்த பேர் ஒன்றும் அதில் இல்லை. நான்காவதற்கு வெளிநாட்டு வியாபாரம் சம்பந்தமாக ஏதோ எழுதியிருந்தது. திரும்பத் திரும்ப அதை வாசித்தேன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

ரேஞ்சர் நடுத்தர வயதுக்காரர். உட்காரச் சொன்னார். நான் ஒரு பொய்யை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"சார், நேத்து எங்க வீட்டுக்குள்ள ஒரு ஆம வந்துருச்சு. நட்சத்திர ஆம மாதிரி இருக்கு."

"நேத்தா?"

"ஆமா சார். கொல்லைப் பக்கம்."

என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரி. ஆள் அனுப்புறேன்" என்றார். இத்தா விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "லேடி ஸ்டாஃப் ஒருத்தங்க இருக்காங்க. அவங்கள மட்டும் அனுப்புறேன்" என்றார். வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறியபோது, நான் நினைத்ததைவிட நன்றாக நடந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் ஒரு பெண் வனக்காப்பாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். பிளாஸ்டிக் கிரேட் ஒன்றும் ஒரு ஃபைலும் கொண்டுவந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, முற்றத்தில் மதினிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஆமையை எடுத்து ஓட்டை டேப்பால் அளந்தார். திருப்பிப் பார்த்தார்.

"அடி ஓடு தட்டையா இருக்குங்க்கா. இது பொட்டை."

மதினி நிமிர்ந்து பார்த்தார். "பொட்டையா? நான் ஏலே ஏலேன்னுல்ல கூப்புட்டுட்டு இருந்தேன்."

அந்தப் பெண் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் ஃபைலைத் திறந்து, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "மேற்படி ஆமை முந்தாநாள் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் தானாக வந்து..."

"யாரு சொன்னா?" என்றார் மதினி.

பேனா நின்றது. நான் மதினியின் கையைப் பிடித்தேன். அவர் உதறிவிட்டார்.

"தானா வரலம்மா. எங்க வீட்டுக்காரரு கொண்டாந்தாரு. வேடசந்தூர் ரோட்ல லாரில அடிபடப் போச்சுன்னு தூக்கிட்டு வந்தாரு. இருபத்தி ரெண்டு வருசம் ஆச்சு."

"மதினி, சும்மா இருங்க" என்றேன்.

"நீ சும்மா இரு." இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பேசியதில்லை. பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "அவரு கொண்டாந்தது தப்புன்னா தப்புன்னே எழுதுங்க. அவரு கொண்டாரவே இல்லன்னு எழுதாதீங்க."

வனக்காப்பாளர் என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அக்கா, இதை எழுதுனா மேல போவும். அப்புறம் எங்கையில இல்ல. புரியுதாக்கா?" என்று மதினியிடம் மெதுவாகக் கேட்டார்.

"புரியுது. எழுதுங்க."

அந்தத் தாளை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினார். மதினி ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆமையை அவரே தூக்கிக் கிரேட்டில் வைத்தார். "வெள்ளரிக்கா போட்டா திங்காது. கீர போடுங்க" என்றார். வாசல்வரை போகமுடியாது. முற்றத்துக் கதவோடு நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய எழுபது நாள். அவை எப்படிப் போயின என்று எழுத எனக்குத் தெரியவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் என் கணவர் சாப்பாட்டில் கையை நிறுத்துவார். கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார், என்னிடம் பேசுவதில்லை. வெளியே போகக் கூடாது என்று எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் நான் போகவில்லை. காய்கறிகூட வண்டிக்காரரிடமே வாங்கினேன். யார் என்னைப் பார்த்தாலும் அந்த நாற்பத்தேழு பேரில் ஒருவரோ என்று தோன்றும். புறா விற்பவர் ஒருநாள் எங்கள் வாசலைக் கடந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றெல்லாம் அதை நினைத்து நினைத்து வேலை ஓடவில்லை. செம்பட்டியில் என் அம்மா வீட்டில் ஒரு விசேஷம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மதினிக்கு இருந்த திரை எனக்கும் விழுந்துவிட்டது. என் திரையை எடுக்கிற நாள் எது என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

மதினியும் நானும் ஒருவரையொருவர் தவிர்க்க முடியாத இடத்தில் இருந்தோம். ஒரே அடுப்படி. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் கேட்டார்: "எனக்காகத்தான் பொய் சொன்னியா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. "இல்ல மதினி, எனக்காகத்தான்" என்றேன். அதுதான் உண்மை. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு பழையபடி ஆனது.

இத்தா முடிந்து ஒரு வாரத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்று பேரும் போனோம். கணவர் ஒரு பையில் மாற்றுச் சட்டை எடுத்து வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ரேஞ்சர் ஃபைலைப் புரட்டினார். "எடுத்தவர் இப்ப இல்ல. நீங்களா வந்து குடுத்திருக்கீங்க. வாங்கி வித்த மாதிரி எதுவும் தெரியல. அப்படியே எழுதி மேல அனுப்பியிருந்தேன். உங்க மேல கேஸ் வேணாம்னு வந்திருக்கு. எச்சரிக்கையோட முடிக்கச் சொல்லியிருக்காங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அன்னைக்கே உள்ளத சொல்லியிருந்தா இம்புட்டு நாள் ஆகியிருக்காதும்மா. ரெண்டு வாக்குமூலம் ஏன் வேற வேறயா இருக்குன்னு நான்ல பதில் எழுத வேண்டியதாப் போச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கணவர் நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விட்டார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அதே வனக்காப்பாளர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கம்பிவலை அடித்த ஒரு தொட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு நட்சத்திர ஆமைகள். வத்தலக்குண்டு பஸ்ஸில் கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு பையில் இருந்து எடுத்தவையாம். எங்களுடையதுதான் அதில் பெரிது. மூலையில் கீரைத் தண்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தது.

"இதுகள எங்க விடுவீங்க?" என்று மதினி கேட்டார்.

"எந்தக் காட்டுதுன்னு தெரியாம விடக் கூடாதுங்க்கா. உங்களது வீட்லயே வளந்தது, அதுக்குக் காடு தெரியாது. நோய் ஏதும் இருந்து மத்ததுக்குத் தொத்திக்கவும் கூடாது. கோர்ட் உத்தரவு வந்ததும் ஜூவுக்குத்தான் போவும்."

"அப்ப அங்கயும் அடைச்சுத்தான் வெப்பாங்க."

"ஆமாக்கா."

மதினி வலைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. செத்த நேரம் பார்த்துவிட்டு, முட்டியில் கை ஊன்றி எழுந்தார். வெளியே வந்ததும் கணவர் ஆட்டோ பிடிக்கப் போனார். நடந்தே போகலாம் என்று மதினி சொன்னார். நான்கு மாதத்துக்கும் மேலாக முற்றத்துக்குள் மட்டும் நடந்த கால். பாதி வழியிலேயே மூச்சு வாங்கி, ஒரு மருந்துக்கடை வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

ஒரு மாசம் கழித்து ஆமை ஜூவுக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. டிக்கெட் எடுத்தால் யாரும் போய்ப் பார்க்கலாமாம். மதினியிடம் சொன்னேன்.

"போயிட்டு வருவமா?"

"போயி?" என்றார்.

இன்னும் போகவில்லை.